வில்ட் சேம்பர்லினும் வெல்லற்கரிய குழுவும்

வலியார் ஒருவர் தோன்றின், அவரைச் சூழ்ந்துள்ளார் அனைவரும் தத்தம் நிலையை மாற்றிக்கொள்ளுதல் உலகியல்பு. பேரரசொன்று எழுந்த காலத்து, அண்டை நாட்டு வேந்தர் அரண் உயர்த்தியும், படை பெருக்கியும், பிறநாட்டு வீரரைப் பொருள் கொடுத்துக் கொணர்ந்தும் தம்மைக் காத்துக்கொள்ள முயன்றமையை வரலாற்று நூல்களிற் கற்கின்றோம். விளையாட்டுக் களமும் இவ்வியல்பினின்றும் நீங்கியதன்று. ஆண்டுதோறும் ஒரே கல்லூரி வெற்றிக் கிண்ணத்தைக் கொண்டு செல்லுமாயின், மறு ஆண்டு ஏனைக் கல்லூரியார் புதிதாய்ச் சேரும் மாணாக்கருள் நெடியவர் யாவர் எனத் தேடித் திரிதலை நம்முள் அறியாதார் யார்? நெடியவர் கிடைத்த பின்னும் கிண்ணம் கிடையாது மீள்வதும் உண்டு. அஃது ஏன் என்னும் வினா எம் உள்ளத்தில் நெடுநாள் நின்றது. அதற்கு விடையாய் அமைந்த வாழ்க்கையொன்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

கூடைப்பந்தாட்டம் நமக்குப் புதியதன்று. 1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாரின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராய் இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், பனிக்காலத்தில் மாணாக்கர் உள்ளரங்கில் ஆடுதற்கென இதனை வகுத்தார். அச்சங்கத்தாரே இதனைக் கடல் கடந்த நாடுகளுக்கும் கொண்டு சென்றனர். 1920இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரியும் அச்சங்கத்தைச் சார்ந்ததே. நெய்ஸ்மித் 1898இல் கான்ஸஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, ஆங்கு இவ்வாட்டத்தை வேரூன்றச் செய்தார். அவர் 1939இல் மறைந்தார். பதினாறு ஆண்டுகள் கழித்து, அதே பல்கலைக்கழகத்தின் வாயிலில் மாணாக்கராய் வந்து நின்றவரே நம் வரலாற்றின் தலைவர்.

இளமையும் கல்வியும்

வில்ட் சேம்பர்லின் 1936ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21ஆம் நாள், பிலடெல்பியா மாநகரில், கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தார். பெற்றோர் செல்வர் அல்லர். உடலுழைப்பால் ஒன்பது மக்களை வளர்த்தவர். சிறுவயதில் நுரையீரலைப் பற்றிய நோயொன்று வில்ட்டைப் பல திங்கள் பள்ளிக்குச் செல்லவொட்டாது தடுத்தது. அந்நோயினின்றும் மீண்ட சிறுவர், காண்போர் வியக்குமாறு ஓங்கி வளர்ந்தார். முழு வளர்ச்சியுற்ற காலத்து அவருடைய உயரம் 7 அடி 1 அங்குலம். உயரம் மிக்கார் பலர் நடையிற் தளர்வர். வில்ட்டோ ஓட்டத்திலும் தாண்டுதலிலும் பரிசு பெற்றவர். ஓவர்புரூக் உயர்நிலைப் பள்ளியில் அவர் ஆடிய காலத்து, அப்பள்ளி 56 ஆட்டங்களில் வென்று மூன்றில் மட்டுமே தோற்றது.

1955இல் அவர் கான்ஸஸ் சென்றார். அந்நாட்டு அக்காலத்து விதிப்படி முதலாண்டு மாணாக்கர் கல்லூரியின் முதற்குழுவில் ஆடுதல் கூடாதிருந்தது. ஆதலின் 1956ஆம் ஆண்டு டிசம்பரிலேயே அவர் அக்குழுவிற் களம் புகுந்தார். முதல் ஆட்டத்திலேயே 52 புள்ளிகள் பெற்றார். நிறவேற்றுமை அக்காலத்துக் கான்ஸஸிலும் வழங்கிற்று. கறுப்பினத்தார்க்கு உணவு படைக்க மறுத்த விடுதிகள் பல. களத்தில் ஆரவாரித்தவர் களத்திற்கு வெளியே முகம் திருப்பிக்கொண்டனர். 1957இல் தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதியாட்டத்தில், மூன்று முறை நேரம் நீட்டிக்கப்பட்ட பின்னர், வட கரோலினாக் குழுவிடம் 53க்கு 54 என்ற கணக்கில் கான்ஸஸ் தோற்றது. ஒரு புள்ளியால் வந்த அத்தோல்வி, அவர் வாழ்நாள் முழுதும் தொடரவிருந்த துன்பத்திற்கு முன்னறிவிப்புப் போலும்! 1958இல் கல்லூரியை விட்டு நீங்கி, ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்னும் புகழ்பெற்ற குழுவுடன் ஓராண்டு ஆடினார். 1959இல் தம் பிறந்தகத்துக் குழுவாகிய பிலடெல்பியா வாரியர்ஸிற் சேர்ந்து, தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் களத்தில் இறங்கினார்.

பாஸ்டன் குழுவின் ஆட்சி

நிற்க. அக்களத்தில் அக்காலத்து ஆட்சி செலுத்தியது பாஸ்டன் செல்டிக்ஸ் என்னும் குழு. 1957 முதல் 1969 வரையுள்ள பதின்மூன்று பருவங்களில் பதினொரு முறை அக்குழுவே வாகை சூடிற்று. அவற்றுள் 1959 முதல் 1966 வரை இடையறவின்றி எட்டு முறை. இத்தகைய நெடிய ஆட்சியை அந்நாட்டுத் தொழில்முறைக் கூடைப்பந்துக் களம் அதன் முன்னும் கண்டதன்று, பின்னும் கண்டதன்று.

இதனை உருவாக்கியவர் ரெட் அவர்பாக் என்னும் பயிற்சித் தலைவர். 1956இல் அவர், எட் மக்காலே, கிளிப் ஹேகன் என்னும் இருவரைச் செயின்ட் லூயிஸ் குழுவிற்குக் கொடுத்துப் பில் ரஸல் என்னும் இளைஞரைப் பெற்றார். ரஸல் உயரத்தில் வில்ட்டினும் சில அங்குலம் குறைந்தவர். கூடையிற் பந்திடும் திறனிலும் குறைந்தவர். எனினும், மாற்றார் எறியும் பந்தை இடைமறிப்பதிலும், வளையத்திற் பட்டு மீளும் பந்தைப் பற்றி நொடிப்பொழுதில் முன்னோடும் தோழர்க்கு எறிவதிலும் அவர்க்கு நிகர் ஒருவருமிலர். அவர் பற்ற, மற்றொருவர் ஓட, மூன்றாமவர் கூடையிலிடுவார். அக்குழுவின் வலிமை எவ்வொருவரிடத்தும் முழுமையாய்க் குடிகொண்டிலது. ஒருவர்க்கும் மற்றொருவர்க்கும் இடையிலேயே அது வாழ்ந்தது. இதனைப் பகைவர் உணர்தற்கு நெடுங்காலம் சென்றது. அவர்கள் கண்டது ரஸலை மட்டுமே. ஆதலின், ரஸலை வெல்லவல்ல நெடியவர் ஒருவரைப் பெற்றாற் போதும் என எண்ணினர். அவ்வெண்ணத்தின் சுமை முழுதும் வில்ட்டின் தோள்மேல் வந்து வீழ்ந்தது.

ஒருவரே ஒரு படை

வில்ட் முதற் பருவத்திலேயே ஆட்டமொன்றுக்குச் சராசரி 37.6 புள்ளிகளும் 27 மீள்பந்துகளும் பெற்றார். அப்பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் பட்டமும் பெற்றார். 1960ஆம் ஆண்டு நவம்பரில், பாஸ்டன் குழுவையே எதிர்த்து ஆடி, ஓராட்டத்தில் 55 மீள்பந்துகளைப் பற்றினார். 1961-62ஆம் பருவத்தில் அவருடைய சராசரி 50.4 புள்ளிகள். 1962ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2ஆம் நாள், ஹெர்ஷி என்னும் சிற்றூரில், நியூயார்க் குழுவிற்கு எதிராகத் தாம் ஒருவரே 100 புள்ளிகள் பெற்றார். இவ்வரிய செயலை இன்றுகாறும் அச்சங்கத்தின் ஆட்டத்தில் வேறு எவரும் செய்திலர். அன்றிரவு நியூயார்க் குழுவின் நடுவராய் நின்று அவரைத் தடுக்க முயன்று மாட்டாதாருள் ஒருவர் டேரல் இம்ஹாப். இப்பெயரை அன்பர்கள் நினைவிற் கொள்வாராக. பின்னர் மீண்டும் வரும்.

ஆயினும் பயன் என்னை? 1960இல் பாஸ்டனிடம் தோல்வி. 1962இல், ஏழாம் ஆட்டத்தின் இறுதி நொடிகளில், இரு புள்ளி வேறுபாட்டால் அதனிடமே தோல்வி. அவ்வாண்டே வாரியர்ஸ் குழு ஸான் பிரான்ஸிஸ்கோவிற்குப் பெயர்ந்தது. 1964இல் இறுதிச் சுற்றில் மீண்டும் பாஸ்டன், மீண்டும் தோல்வி. அவ்வாண்டு சங்கத்தார் வளையத்தின் கீழுள்ள விலக்கிடத்தின் அகலத்தை 12 அடியினின்றும் 16 அடியாக்கினர். நெடியவர் வளையத்தை ஒட்டியே நின்று ஆடுதலைத் தடுத்தற்பொருட்டுச் செய்த மாற்றம் இது. என்னே விந்தை! வென்ற குழுவைக் கண்டு மாற்றார் தம் ஆட்களை மாற்றினர். தோற்ற வீரரைக் கண்டு சங்கத்தார் ஆடுகளத்தையே மாற்றினர்.

விற்கப்பட்ட வீரர்

1965ஆம் ஆண்டு ஜனவரியில், பொருள் முட்டுப்பாட்டிற் கிடந்த வாரியர்ஸ் குழுவினர், நேட் தர்மண்டு என்னும் மற்றொரு நெடிய இளைஞரும் தம்மிடம் இருத்தலின், வில்ட்டைப் பிலடெல்பியாவின் புதிய குழுவாகிய செவன்ட்டி சிக்ஸர்ஸுக்குக் கொடுத்தனர். மாற்றாகப் பெற்றது மூன்று ஆட்டக்காரரும் 1,50,000 டாலரும். உலகிற் பெரும்புகழ் வாய்ந்த வீரரும் பண்டம்போல் கைமாற்றப்படுதல் அவ்வுலகின் வழக்கம்.

அவரைப் பெற்ற குழுவும் தன்னைத் திருத்தி அமைத்தது. நடுவிடத்தில் ஆடிவந்த லூக் ஜாக்ஸன் பக்கத்திற்குப் பெயர்ந்து, வில்ட்டுக்கு இடம் விட்டார். ஹால் கிரீர், செட் வாக்கர் என்போர் முன்னரே இருந்தனர். பில்லி கன்னிங்ஹாம் அவ்வாண்டே வந்து சேர்ந்தார். எனினும் 1965இல் ஏழாம் ஆட்டத்தின் இறுதியில், ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில் பிலடெல்பியா உள்ளெறிந்த பந்தைப் பாஸ்டன் குழுவின் ஜான் ஹாவ்லிசெக் இடைமறித்துத் தட்ட, 109க்கு 110 எனப் பாஸ்டனே வென்றது. 1966இலும் அவ்வாறே தோல்வி. ஆள் மாறியும் முடிவு மாறவில்லை.

தம்மை மாற்றிக்கொண்ட ஆண்டு

1966இல் அலெக்ஸ் ஹானம் என்பார் பிலடெல்பியாவின் பயிற்சித் தலைவரானார். 1958இல் செயின்ட் லூயிஸ் குழுவைக் கொண்டு பாஸ்டனை ஒருமுறை வீழ்த்தியவர் இவரே. பாஸ்டனை வெல்லும் வழி, வில்ட் இன்னும் மிகுதியாய்ப் புள்ளிகள் ஈட்டுதல் அன்று, தோழர் ஈட்டுமாறு செய்தலே என்று அவர் கண்டார். இதனை வில்ட்டுக்கு எடுத்துரைத்தார். எண்ணிக்கையால் உலகை வியப்பித்த ஒருவர்க்கு, எண்ணிக்கையைத் துறவென்று கூறுதல் எளிதோ? கேட்டுக்கொள்ளுதல் அதனினும் அரிதன்றோ?

வில்ட் கேட்டுக்கொண்டார். 1966-67ஆம் பருவத்தில் அவருடைய சராசரி 24.1 புள்ளிகளாய்க் குறைந்தது. தோழர் கூடையிடுமாறு அவர் வழங்கிய பந்துகளின் சராசரி 7.8 ஆக உயர்ந்தது. முதல் 50 ஆட்டங்களில் 46ஐ அக்குழு வென்றது. பருவம் முடிய 68 வெற்றி, 13 தோல்வி. பாஸ்டனும் வாளாவிருந்திலது. அக்குழு 1966இல் பெய்லி ஹவெல் என்பாரைப் பெற்றது. அவர்க்கு மாற்றாகக் கொடுத்தது மெல் கவுண்ட்ஸ் என்னும் ஏழடி நெடியவரை. பேருடல் கொண்ட வெய்ன் எம்ப்ரியையும் ரஸலுக்குத் துணையாய்ச் சேர்த்துக்கொண்டது. எனினும் ஐந்தே ஆட்டங்களில், 4க்கு 1 எனப் பிலடெல்பியா பாஸ்டனை வென்றது. எட்டாண்டுக் கால வெற்றித்தொடர் அற்றது. இறுதிச் சுற்றில் ஸான் பிரான்ஸிஸ்கோவையும் வென்று, வில்ட் தம் முதல் வாகையைச் சூடினார். அவரைப் பெற்றதனால் மட்டும் வராத வெற்றி, அவர் தம்மைக் குறைத்துக்கொண்டதனால் வந்தது.

மூவர் கூடியும் கூடாத வெற்றி

இக்கதை இவ்விடத்து முடிந்திருப்பின் நன்றாயிருக்கும். 1968இல், 3க்கு 1 என முன்னின்ற பிலடெல்பியா, அடுத்த மூன்று ஆட்டங்களிலும் பாஸ்டனிடம் தோற்றது. கன்னிங்ஹாம் காயமுற்று ஆட இயலாதிருந்தார். ஏழாம் ஆட்டத்தின் பிற்பகுதியில் வில்ட் இரண்டே முறை கூடையை நோக்கிப் பந்தெறிந்தார். முன்னர் மிகுதியாய் எறிகின்றார் என்று பழித்தவர்களே, இப்போது எறிந்திலர் என்று பழித்தனர்.

ஹானம் குழுவை விட்டு நீங்கினார். குழுவுடையாரோடு வில்ட்டுக்கு மனவேறுபாடு உண்டாயிற்று. 1968ஆம் ஆண்டு ஜூலையில் அவர் மீண்டும் கைமாற்றப்பட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் குழுவை அடைந்தார். அக்குழு 1959 முதல் 1968 வரை ஆறு முறை இறுதிச் சுற்றில் பாஸ்டனிடமே தோற்றது. ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் என்னும் பெருவீரர் இருவர் அதன்கண் இருந்தனர். ரஸலுக்கு நேர்நிற்கும் நெடியவரே குறை. அக்குறையை நிரப்பற்கு அவர்கள் கொடுத்தவர் மூவர்: முன்னர் யாம் குறித்த டேரல் இம்ஹாப், விரைந்தோடும் ஆற்றல் மிக்க ஆர்ச்சி கிளார்க், ஜெர்ரி சேம்பர்ஸ். அவ்வாண்டே கெய்ல் குட்ரிச் என்னும் இளைஞரையும், புதிதாய்த் தோன்றிய பீனிக்ஸ் குழுவிற்கு இழக்க நேர்ந்தது. ஒருவர் வந்தார், அவர்க்கு முன்னும் பின்னும் ஓடுதற்குரியார் போயினர்.

மூன்று பெருவீரர் ஒருங்கு கூடிய அக்குழுவை வெல்வார் யார் என்று உலகம் வினவிற்று. ஆயின், வளையத்தருகே வில்ட் நிற்க, அவ்வழியே பாய்ந்து செல்லும் பெய்லர்க்கு இடம் குறைந்தது. வில்ட்டுக்கும் பயிற்சித் தலைவர்க்கும் ஒற்றுமை இல்லை. பாஸ்டனோ முதுமையுற்றிருந்தது, தன் பிரிவில் நான்காம் இடமே பெற்றது. எனினும் 1969இல் இறுதிச் சுற்றின் ஏழாம் ஆட்டம்வரை அது வந்து சேர்ந்தது. வெற்றி உறுதி என்றெண்ணிய லேக்கர்ஸ் குழுவுடையார், ஆட்டம் முடிந்ததும் வீழ்த்துதற்கென அரங்கின் கூரையிற் பலூன்களைக் கட்டி வைத்தார். ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் வில்ட் முழங்காலிற் காயமுற்று வெளியேறினார். சிறிது பொழுதில் தாம் மீண்டும் ஆட ஒருப்பட்டும், பயிற்சித் தலைவர் அவரைக் களத்திற்கு அனுப்பவில்லை. அவரிடத்தில் நின்று ஆடியவர், பாஸ்டன் முன்னர்க் கொடுத்துவிட்ட அதே மெல் கவுண்ட்ஸ். 106க்கு 108 எனப் பாஸ்டன் வென்றது. பலூன்கள் கூரையிலேயே தங்கின.

ரஸல் அத்துடன் ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்றார். எட்டு முறை ஆண்டிறுதிச் சுற்றுகளில் பாஸ்டனை எதிர்த்த வில்ட், ஏழு முறை தோற்றார். அதனினும் கொடியது ஒன்றுண்டு. களத்திற்கு வெளியே இருவரும் நண்பர். ஒருவர் வீட்டில் மற்றவர் விருந்துண்டவர். ஏழாம் ஆட்டத்தினின்றும் வில்ட் நீங்கியமையை ரஸல் வெளிப்படையாய்க் குறைகூற, அந்நட்பு முறிந்தது. பல ஆண்டுகள் இருவரும் பேசாதிருந்தனர்.

பகைவரிடம் கற்ற பாடம்

1971இல் லேக்கர்ஸ் குழுவிற்குப் பயிற்சித் தலைவராய் வந்தவர் பில் ஷார்மன். பாஸ்டன் குழுவில் முன்னர் ஆடி வாகை சூடியவர். அவர்க்குத் துணையாய் வந்த கே.சி. ஜோன்ஸும் பாஸ்டன் குழுவினரே. குட்ரிச் முன் ஆண்டே திரும்பியிருந்தார். அவரைப் பெறுதற்கு லேக்கர்ஸ் கொடுத்தது மெல் கவுண்ட்ஸை. ஷார்மன், அப்போது 35 வயதினராய வில்ட்டிடம் வேண்டியது யாது? புள்ளிகளை மறந்து, மீள்பந்தைப் பற்றி, முன்னோடும் தோழர்க்கு விரைந்தெறிதல். அஃதாவது, ரஸல் பாஸ்டனுக்குச் செய்த பணியை லேக்கர்ஸுக்குச் செய்தல். தம்மை ஏழு முறை வீழ்த்தியவரின் தொழிலை ஏற்றுக்கொள்ளுமாறு ஒரு பெருவீரரைக் கேட்டல் சிறு வேண்டுகோள் அன்று. வில்ட் அதனையும் ஏற்றார்.

முழங்கால் நோயால் வருந்திய பெய்லர், பருவத்தின் தொடக்கத்திலேயே ஓய்வு பெற்றார். அதன்பின் ஆடிய முதல் ஆட்டந்தொட்டு, 1971 நவம்பர் முதல் 1972 ஜனவரி வரை, லேக்கர்ஸ் குழு தொடர்ந்து 33 ஆட்டங்களில் வென்றது. வில்ட்டின் சராசரி 14.8 புள்ளிகளே, மீள்பந்துகளோ 19.2. இறுதிச் சுற்றில் கை காயமுற்ற நிலையிலும், ஐந்தாம் ஆட்டத்தில் 24 புள்ளிகளும் 29 மீள்பந்துகளும் பெற்று, நியூயார்க் குழுவை வீழ்த்தித் தம் இரண்டாம் வாகையைச் சூடினார். பெருவீரர் மூவர் இருந்தபோது வாராத வெற்றி, ஒருவர் நீங்க, எஞ்சியவர் தத்தம் இடத்திற் பொருந்தி நின்றபோது வந்தது.

1973இல் அவர் அச்சங்கத்தின் களத்தை விட்டு நீங்கினார். அவர் பெற்ற மொத்தப் புள்ளிகள் 31,419, மீள்பந்துகள் 23,924. மீள்பந்துக் கணக்கை இதுவரை எவரும் கடந்திலர். அத்துணைப் பேருடல் படைத்தவராயிருந்தும், விதிமீறலால் ஓராட்டத்தினின்றேனும் அவர் வெளியேற்றப்பட்டதில்லை. 1999ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள், தம் 63ஆம் வயதில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துத் தம் இல்லத்தில் உயிர் நீத்தார். முறிந்த நட்பு அதற்கு முன்னரே கூடியிருந்தது. இறுதி வழிபாட்டில் அவரைப் புகழ்ந்து பேசியவருள் ஒருவர் பில் ரஸல்.

நாம் கொள்ளத்தக்கது

தாவீதும் கோலியாத்தும் எதிர்ப்படும் கதையை இளமை முதல் கேட்டு வளர்ந்த நாம், சிறியவர் பக்கமே நிற்றற்குப் பழகியவர். நெடியவர் தோற்குங்கால் அவர்க்கும் உள்ளமொன்று உண்டென எண்ணுவதில்லை. வில்ட்டின் வரலாற்றைக் கற்றபின் யாம் சிறிது நாணினோம். தம் தோழரின் குறையையும், குழுவுடையாரின் பிழையையும், விதி மாற்றத்தையும், இகழ்ச்சியையும் ஒருவராய்ச் சுமந்தவர் அவர்.

முதலிற் கூறிய வினாவிற்கு வருவோம். வலிய குழுவொன்று ஏனையோரைத் தம்மை மாற்றிக்கொள்ளுமாறு நெருக்குகின்றது, இது நன்றே. அந்நெருக்குதல் இன்றேல் எவரும் திருந்தார். ஆயின், மாற்றத்தில் இருவகை உண்டு. ஒன்று, பகைவரிடம் உள்ளதைப் போன்ற ஓர் ஆளைத் தேடிக் கொணர்தல். மற்றொன்று, பகைவர் தம்முள் பொருந்தி நிற்கும் முறையைத் தாமும் கற்றல். முன்னதைப் பொருளால் ஓர் இரவில் முடித்துவிடலாம். பின்னதற்கு, உயர்ந்தவர் தம்மைக் குறைத்துக்கொள்ளும் பணிவும், ஏனையோர் அவர்மேற் சுமையேற்றாத நேர்மையும் வேண்டும். 1967இலும் 1972இலும் நிகழ்ந்தது பின்னது.

அடுத்த ஆண்டு நம் கல்லூரிக்கு நெடிய மாணாக்கர் ஒருவர் வரின், அவரை மகிழ்ந்து வரவேற்போமாக. அவர் ஒருவரே நமக்கு வெற்றி தேடித் தருவார் என்று கைகட்டி நில்லாது, அவர் எறியும் பந்தைப் பற்றுதற்கு நாமும் ஓடக் கற்போமாக.